ஹாட் டப் வயரிங்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஹாட் டப் என்பது தண்ணீரைச் சூடாக்கி ஜெட் பம்பால் பீய்ச்சும் பெரிய குளியல் தொட்டி. அந்தத் தொட்டி வண்டியில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் பலர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் கான்கிரீட் மேடை காய்ந்து இறுகியிருக்கும், கேபிள் வர அதில் குழாய் விட்டிருக்க மாட்டார்கள், பக்கத்தில் புல் போட்டு முடித்திருப்பார்கள், தொட்டியின் கதவுப் பலகை (பம்பையும் வயரிங்கையும் எட்டக் கழற்றும் பலகை) சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அப்புறம் புல்லைப் பெயர்த்து, மேடையைக் குடைந்து, நாலு பேரைப் பிடித்துத் தொட்டியைத் திருப்பி என்று ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுக்கும்.

இந்த வேலையில் கடினமான கணக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை, வரிசை மாறினால்தான் தலைவலி. அதனால் நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் இருப்பவர்களுக்கும், அமெரிக்கா, கனடா போல 120/240 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இருப்பவர்களுக்கும் முறை எங்கெங்கே பிரிகிறதோ அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. எது உங்கள் வேலை, எது உங்கள் வேலை இல்லை

மெயின் போர்டில் கை வைப்பது, பிரேக்கர் போடுவது, எர்த் முறையை முடிவு செய்வது, கடைசி டெஸ்ட், இவையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனின் வேலை. பல இடங்களில் முன்அனுமதியும் ஆய்வும் சட்டப்படி வேண்டும். அதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் சில இடங்களில் பள்ளத்தை மூடும் முன் ஆய்வாளர் வந்து ஆழத்தைப் பார்க்க வேண்டும். மூடிவிட்டால் திரும்பத் தோண்டச் சொல்வார்கள்.

இடம் பார்ப்பது, லோடு கணக்கைப் புரிந்துகொள்வது, பள்ளம் தோண்டுவது, குழாய் பதிப்பது, இதெல்லாம் நீங்கள் செய்யலாம். கூலி மிச்சம் என்பதைவிட, எலெக்ட்ரீஷியன் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு வயரிங்கில் நல்ல கைத்திறன் உள்ளவர்களும் ஹாட் டப்பை வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தொடாமல் இருந்திருக்கலாம், நீங்கள் கேட்கும் கேள்விதான் அவரைக் கையேட்டைத் திறக்க வைக்கும்.

2. பெயர்ப்பலகையைப் படியுங்கள், விளம்பரத் தாளை அல்ல

கேபிள் வாங்குவதற்கு முன்னால், பிரேக்கர் வாங்குவதற்கு முன்னால், தொட்டியின் பெயர்ப்பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவுப் பலகைக்குப் பின்னால் கன்ட்ரோல் பெட்டியின் மீதோ, வெளிப்புறம் கீழே ஒரு மூலையிலோ இருக்கும். தொட்டி இன்னும் வரவில்லை என்றால் அந்த மாடலின் நிறுவல் கையேட்டை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் விற்கும் தொட்டியிலேயே ஹீட்டர் அளவு வேறு வேறாக வரும்.

அதில் பார்க்க வேண்டியவை நான்கு: வோல்டேஜ், ஹெர்ட்ஸ், அதிகபட்ச ஆம்பியர், எத்தனை வயர் வேண்டும்.

ஹெர்ட்ஸை யாரும் கவனிப்பதில்லை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்ப் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அதே வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். வெளிநாட்டிலிருந்து மலிவாகக் கொண்டுவந்த தொட்டிகளில் இந்தச் சிக்கல் வரும். வோல்டேஜ் மட்டும் ஒத்துப்போகிறது என்று நம்பி இறக்கிவிடாதீர்கள்.

வயர் எண்ணிக்கைக்கு வருவோம். 230 வோல்ட் நாடுகளில் பெரும்பாலும் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். சில பெரிய தொட்டிகள் இரண்டு அல்லது மூன்று ஃபேஸ் எடுக்கும். 120/240 நாடுகளில் இரண்டு வகை: இரண்டு லைனும் எர்த்தும் மட்டும் கேட்கும் தொட்டி, கூடவே நியூட்ரலும் கேட்கும் தொட்டி. பின்னதில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஓசோன் கருவி, சின்னப் பம்ப் போன்றவை 120 வோல்டில் ஓடுகின்றன, அதனால்தான் நியூட்ரல். இரண்டில் எது என்று தெரியாமல் கேபிள் வாங்கினால் ஒரு வயர் குறைவாக வாங்குவீர்கள்.

பிளக் குத்தினால் ஓடும் சின்னத் தொட்டியா? அதற்கும் தனி சர்க்யூட், தனி சாக்கெட் வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மணிக்கணக்கில் ஹீட்டர் இழுக்கும் கரண்ட் அந்த மெல்லிய வயரையும் தளர்ந்த பின்களையும் உருக்கிவிடும்.

3. லோடு கணக்கு

ஒரு நடுத்தரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம், 230 வோல்ட். ஹீட்டர் 3 கிலோவாட், அது 13 ஆம்பியர். இரண்டு ஜெட் பம்ப், பலகையில் தலா 7 ஆம்பியர், ஆக 14. சுற்றோட்டப் பம்ப், ஓசோன், விளக்கு எல்லாம் சேர்த்து 2. கூட்டினால் 29 ஆம்பியர். இப்படிப்பட்ட தொட்டிக்குக் கையேட்டில் 32 ஆம்பியர் சர்க்யூட் என்று போட்டிருப்பார்கள். 240 வோல்ட் அமெரிக்கத் தொட்டி என்றால் ஹீட்டர் பெரும்பாலும் 5.5 கிலோவாட், அதுவே 23 ஆம்பியர். அதனால்தான் அங்கே 50 ஆம்பியர் சர்க்யூட் வழக்கமாகிவிட்டது.

மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் லோடுக்கு அமெரிக்க விதியில் 1.25 மடங்கு வைத்துக் கணக்கிடுவார்கள். ஹாட் டப் ஹீட்டர் கட்டாயம் அந்த வகைதான். 1200 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 28 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல், வெப்ப இழப்பைச் சேர்க்காமலே. ஒன்பது மணி நேரம் முழு கரண்டில் ஓடும் வேறு சாமான் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாட்டர் ஹீட்டர்கூட அரை மணியில் அணைந்துவிடும். மற்ற சர்க்யூட்டில் வருஷக்கணக்கில் மறைந்து கிடக்கும் தளர்ந்த ஸ்க்ரூ இங்கே முதல் ராத்திரியிலேயே கருகும்.

அடுத்து வீட்டின் மொத்த இணைப்பு. மெயின் 40 ஆம்பியர் மட்டுமே என்றால், ஏசியும் அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது இந்த 29 தாங்காது. மின்வாரியத்தில் லோடு கூட்டித் தரக் கேட்பது ஒரு வழி. நாள் பிடிக்கும், எனவே தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே அதற்கும் எழுதிப் போடுங்கள்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. கன்ட்ரோல் போர்டில் ஒரு ஜம்பரோ (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) சின்ன டிப் சுவிட்சோ இருக்கும். அதைக் குறைந்த ஆம்பியர் நிலைக்கு மாற்றினால், ஜெட் பம்ப் வேகமாக ஓடும்போது ஹீட்டர் தானாக நின்றுவிடும். மொத்த கரண்ட் பாதிக்குப் பக்கம் இறங்கும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மெல்ல ஆறும், அதுதான் விலை. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு தலைகீழானது: போர்டு தொழிற்சாலையிலிருந்து குறைந்த நிலையில் வந்திருக்கும், இவர்கள் தடித்த கேபிள் இழுத்து 32 ஆம்பியர் பிரேக்கரும் போட்டுவிட்டு, ஜம்பரை மாற்ற மறந்து, ஹீட்டர் சரியில்லை என்று விற்றவரோடு சண்டை போடுவார்கள்.

4. இடத்தை முடிவு செய்யுங்கள், கான்கிரீட் ஊற்றும் முன்

தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா? போனால் இடத்தை மாற்றுங்கள், அதில் வாதமே இல்லை. பிறகு கீழே பாருங்கள், அங்கே கேஸ், தண்ணீர், பழைய கேபிள் எதுவும் புதைந்திருக்கிறதா என்று தோண்டும் முன் கேளுங்கள்.

தண்ணீருக்குள் இருப்பவர் கை எட்டும் தூரத்தில் சுவிட்சோ சாக்கெட்டோ இருக்கக் கூடாது என்பதுதான் எல்லா நாட்டு விதிக்கும் அடிப்படை. அமெரிக்க விதியில் பராமரிப்புச் சுவிட்ச் தொட்டியிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, ஆனால் தொட்டி இருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். சாக்கெட்டுக்குக் குறைந்தபட்சத் தூரம் 6 அடி. ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் முறையைப் பின்பற்றும் நாடுகளில் குளங்களுக்கான பகுதிக் கணக்கு உண்டு: விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை ஒரு பகுதி, அதிலிருந்து இன்னும் 1.5 மீட்டர் வரை அடுத்த பகுதி. முதல் பகுதியில் சாதாரண சுவிட்சும் சாக்கெட்டும் வேண்டவே வேண்டாம்.

தூரமும் வேண்டும், பார்வையில் படவும் வேண்டும், ஏன் இரண்டும்? தூரம் குளிப்பவருக்காக, பார்வை ரிப்பேர்காரருக்காக. பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் தலையைத் திருப்பினால் சுவிட்ச் ஆஃபில் இருப்பது தெரிய வேண்டும், யாராவது போய் ஆன் செய்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

கதவுப் பலகை எந்தப் பக்கம் என்று கையேட்டின் படத்தில் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு ஆள் மண்டியிட்டு உட்காரும் அளவுக்கு இடம் விடுங்கள். கேபிள் எந்த மூலையில் நுழைகிறது என்பதும் அதே படத்தில் இருக்கும். அந்த மூலைக்கு நேராகக் குழாயை நிறுத்திய பிறகுதான் கான்கிரீட். நான் பார்த்த ஒரு மேடையில் குழாய் மிகத் துல்லியமாக நடுவில் வந்திருந்தது, தொட்டியின் அடிப்பலகைக்கு நேர் கீழே, யாராலும் தொட முடியாத இடத்தில்.

5. கேபிள்

தாமிரக் கேபிள்தான் வாங்க வேண்டும். அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் தொட்டியின் டெர்மினல்கள் தாமிரத்துக்கு மட்டும் என்றுதான் பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். அலுமினியம் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும், ஈரத்தில் தாமிரத்தோடு சேர்ந்தால் அரிக்கவும் செய்யும்.

தடிமனை ஆம்பியரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன 29 ஆம்பியர் தொட்டி, மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ஸ்கொயர் எம்எம் கேபிளில் வோல்டேஜ் இழப்பு சுமார் 9.6 வோல்ட், 4 சதவீதத்துக்கு மேல். 6 ஸ்கொயரில் 6.4 வோல்ட், 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 10 ஸ்கொயரில் 3.8 வோல்ட். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 4 சதவீத இழப்பு என்பது 8 சதவீதம் குறைந்த சூடு. இந்த நீளத்துக்கு நான் 6 போடுவேன், இன்னும் நீளம் என்றால் 10. அமெரிக்க 50 ஆம்பியர் சர்க்யூட்டுக்குப் பெரும்பாலும் 6 ஏடபிள்யூஜி (அமெரிக்க வயர் அளவு) தாமிரம். அங்கே எண் குறையக் குறையத் தடிமன் கூடும், ஸ்கொயர் எம்எம்மோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மண்ணுக்குள் போவதற்கு ஒன்று இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள், அல்லது பிவிசி கன்ட்யூட் குழாய்க்குள் ஈரம் தாங்கும் தனி வயர்கள். கன்ட்யூட் என்றால் உள்ளே தண்ணீர் வராது என்று நினைப்பது தப்பு. ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்த்துத் தண்ணீர் தேங்கும், அதனால் குழாய்க்குள் போகும் வயரும் ஈரத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

ஆழம் பொதுவாக 450 முதல் 600 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் பிவிசி குழாய்க்கு 18 அங்குலம், குழாய் இல்லாமல் நேரடியாகப் புதைக்கும் கேபிளுக்கு 24. கீழே மணல், மேலே கொஞ்சம் மணல், அதற்கு மேல் எச்சரிக்கை நாடா, பிறகு மண். நாடாவைக் கேபிள் மேலேயே ஒட்டி வைத்தால் பயன் இல்லை. மண்வெட்டி முதலில் நாடாவைத் தொட வேண்டும், அதன் பிறகும் ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும்.

பள்ளத்தை மூடும் முன் ஒரு போட்டோ, பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து. அஞ்சு வருஷம் கழித்து வேலி போடும்போது அது கை கொடுக்கும்.

6. பிரேக்கரும் ஆர்சிடியும் ஒன்றல்ல

இந்த இடத்தில் தப்பு நடந்தால் சாமான் மட்டும் போகாது, உயிரே போகும்.

32 ஆம்பியர் எம்சிபி, அதாவது சாதாரண பிரேக்கர், கேபிளைக் காப்பாற்ற இருக்கிறது. மனிதனை அது காப்பாற்றாது. மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் போனாலே ஆபத்து. 32 ஆம்பியர் என்பது அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். வெந்நீரில் ஊறிய தோலின் தடை மிகக் குறைவு, உடம்பு முழுக்க தண்ணீருக்குள், கை உதறித் தப்பிக்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று கவனித்துக்கொண்டே இருந்து, வித்தியாசம் தெரிந்ததும் அறுக்கும் கருவி வேண்டும். ஐஇசி நாடுகளில் அது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி. ஆர்சிசிபி என்றும் சொல்வார்கள், பிரேக்கரோடு சேர்ந்து வந்தால் ஆர்சிபிஓ. அமெரிக்காவில் ஜிஎஃப்சிஐ, அது 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள்ளேயே அறுக்கும்.

ஆர்சிடியில் வகை பார்த்து வாங்க வேண்டும். பழைய ஏசி வகை, எலெக்ட்ரானிக் போர்டிலிருந்து வரும் துண்டு துண்டான டிசி கசிவைச் சரியாக உணராது. குறைந்தது ஏ வகை வாங்குங்கள். வேகம் மாறும் இன்வெர்ட்டர் பம்ப் இருந்தால் எஃப் அல்லது பி வகை கேட்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே மொத்தத்துக்கும் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி இருந்தால், தொட்டியை அதற்குக் கீழே மாட்ட வேண்டாம். தொட்டியில் ஒரு சின்னக் கசிவு வந்தால் இரண்டில் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, வீடு முழுக்க இருட்டாகும், ஃபிரிட்ஜும் நின்றுபோகும். தொட்டியின் சர்க்யூட் அந்த ஆர்சிடிக்கு முன்பிருந்தே பிரிந்து தன் சொந்த ஆர்சிடியோடு போக வேண்டும்.

7. எர்த்தும் பாண்டிங்கும்

எர்த் வயர், பழுது வந்தால் கரண்ட் திரும்பிப் போகும் வழி. பாண்டிங் வேறு வேலை செய்கிறது: ஒரே நேரத்தில் கைக்கு எட்டும் உலோகங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி, அவற்றுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசமே வராமல் பார்த்துக்கொள்கிறது. குளிப்பவரின் ஒரு கை தண்ணீரில், இன்னொரு கை இரும்புக் கைப்பிடியில் இருக்கலாம். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் அவர் வழியாக எதுவும் பாயாது.

எனவே தொட்டியைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் உலோகக் கைப்பிடி, ஏணி, தண்ணீர்க் குழாய், மேடைக்குள் இருக்கும் கம்பி இவற்றையெல்லாம் பட்டியல் போடுங்கள். அமெரிக்காவில் இதற்கு 8 ஏடபிள்யூஜி ஒற்றை இழைத் தாமிர வயர். கம்பியோடு கட்ட வேண்டியது கான்கிரீட்டுக்கு முன்பே நடக்க வேண்டும், நான்காவது படியில் அவசரப்பட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். தரைக்கு மேல் வைக்கும் சில தொட்டிகளுக்கு அங்கே நிபந்தனைகளோடு தரைப் பாண்டிங்கிலிருந்து விலக்கு உண்டு, விளிம்பு சுற்றுத் தரையிலிருந்து 28 அங்குலமாவது உயர்ந்திருப்பது அதில் ஒன்று. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆய்வாளர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எர்த் எங்கிருந்து? இதில்தான் நாடுகள் பிரிகின்றன. சில இடங்களில் மின்வாரியத்தின் நியூட்ரலும் எர்த்தும் தெருவில் ஒரே வயராக வந்து வீட்டுக்குள் பிரியும். அந்தப் பொது வயர் வெளியே எங்காவது அறுந்தால், வீட்டின் எர்த் முழுக்கவும் மின்சாரம் ஏறிவிடும். வீட்டுக்குள் எல்லாமே ஒரே நிலையில் இருப்பதால் தெரியாது, ஆனால் வெளியே ஈர மண்ணில் வெறுங்காலோடு தொட்டியைத் தொடுபவருக்கு அடிக்கும். அப்படிப்பட்ட இணைப்பில் தொட்டிக்கு மட்டும் தனி எர்த் ராட் அடித்து, வீட்டு எர்த்தைத் தொட்டி வரை கொண்டுபோகாமல் விடுவது வழக்கம். ஆர்மர்டு கேபிளின் இரும்புக் கவசம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடாதபடி ஒரு முனையில் பிரித்து வைக்க வேண்டும். நல்ல எலெக்ட்ரீஷியன்களே மறக்கும் இடம் இது.

தனி ராட் என்றால் ஆர்சிடி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. ராடின் தடை 50 ஓம் என்றால் 230 வோல்டில் பழுது கரண்ட் வெறும் 4.6 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி அதைப் பார்த்து அசையக்கூடச் செய்யாது, தொட்டியின் உலோகமெல்லாம் மின்சாரத்தோடு நின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்க முறையில் நேர்மாறு. அங்கே எர்த் வயர் போர்டிலிருந்தே வந்தாக வேண்டும். கூடுதலாக ராட் அடிக்கலாம், ஆனால் ராட் மட்டும் போதும் என்று போர்டிலிருந்து வரும் எர்த்தை விட்டுவிடக் கூடாது. ஒரு நாட்டு வீடியோவைப் பார்த்து இன்னொரு நாட்டில் வேலை செய்பவர்கள் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்தான்.

8. ஐசொலேட்டர் பெட்டியும் நியூட்ரலும்

நான்காவது படியில் சொன்ன பராமரிப்புச் சுவிட்ச்தான் ஐசொலேட்டர். அதை வெளியில் வைக்கும் பெட்டி மழை தாங்க வேண்டும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடம் என்றால் ஐபி 65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) எடுங்கள். கேபிள் கீழிருந்து நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் எந்த கிளாண்டும் (கேபிள் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைக்கும் மூடி) ஒரு நாள் கசியும்.

ஐசொலேட்டர் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்க வேண்டும், எர்த்தை ஒருபோதும் அறுக்கக் கூடாது. அமெரிக்கப் பெட்டியில் இரண்டு லைனையும் அறுக்க வேண்டும்.

புதிதாகப் போட்ட தொட்டி ஆன் செய்த நொடியே ட்ரிப் ஆகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை நியூட்ரலில்தான் முடிகின்றன. ஒரு வீட்டில் மூன்று ஜிஎஃப்சிஐ பிரேக்கர் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள், மூன்றும் நல்ல பிரேக்கர்கள். தொட்டியிலிருந்து வந்த வெள்ளை வயரை நேராக நியூட்ரல் பட்டையில் மாட்டியிருந்தார்கள், பிரேக்கரோடு சுருண்டு வந்த வெள்ளை வயரும் அதே பட்டையில். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தொட்டிக்குப் போன கரண்ட் பிரேக்கர் வழியாகத் திரும்பவே இல்லை, அது கசிவு என்று நினைத்து அறுத்துக்கொண்டே இருந்தது, அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. தொட்டியின் நியூட்ரல் பிரேக்கரின் நியூட்ரல் டெர்மினலுக்கு, சுருள் வயர் மட்டும் பட்டைக்கு. இரண்டு நிமிஷ வேலை.

ஆர்சிடியிலும் அதே கதைதான்: இந்த சர்க்யூட்டின் நியூட்ரல் இந்த ஆர்சிடி வழியாகவே திரும்ப வேண்டும், பக்கத்து சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலக்கக் கூடாது. ஆர்சிடிக்குப் பிறகு நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் தொடக் கூடாது. அமெரிக்கப் பெட்டியில் நியூட்ரல் பட்டையை உடலோடு சேர்க்கும் பச்சை ஸ்க்ரூவோ பட்டியோ இருந்தால் கழற்றுங்கள்.

நியூட்ரல் கேட்காத 240 வோல்ட் தொட்டிக்கும், ஜிஎஃப்சிஐ பிரேக்கர் வெளிப்பெட்டியில் இருந்தால், வீட்டிலிருந்து அந்தப் பெட்டி வரை நியூட்ரல் வர வேண்டும். பிரேக்கரின் சொந்த எலெக்ட்ரானிக்ஸுக்கு அது தேவை.

9. தொட்டிக்குள் இணைப்பு

கிளாண்ட் கேபிளின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். கேபிளின் மேலுறையை டெர்மினல் பிளாக்குக்குப் பக்கத்தில் போய் உரியுங்கள், கிளாண்டிலேயே உரித்துவிடாதீர்கள்.

பல இழை வயர் என்றால் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனையான ஃபெரூல் அல்லது லக் போட்டு அழுத்துங்கள். இழைகளை முறுக்கி நேரே ஸ்க்ரூவுக்கு அடியில் விட்டால் நாலு இழை வெளியே பிதுங்கும், மிச்சம் சூடேறும். டார்க், அதாவது இறுக்கும் விசை, எவ்வளவு என்று டெர்மினல் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து முறுக்குங்கள். இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் நன்றாக இழுத்துப் பாருங்கள், வந்தால் இப்போதே வரட்டும்.

இந்த இணைப்பைச் செய்யும்போது மெயினில் ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்டரை நம்பாமல் மீட்டர் வைத்து, முதலில் ஓடும் வேறு ஒரு சர்க்யூட்டில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இங்கே அளக்க வேண்டும்.

10. கரண்ட் விடும் முன் டெஸ்ட்

எர்த்தும் பாண்டிங்கும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று முதலில். பிறகு மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்து 500 வோல்டில் இன்சுலேஷன், குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புதுக் கேபிளில் அதைவிட எவ்வளவோ அதிகம் காட்டும். 1 மெகா ஓம் ஒட்டிக் காட்டினால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், பாஸ் ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

தொட்டியின் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெகர். ஆர்சிடியையும் பிரித்து வையுங்கள். கன்ட்ரோல் போர்டு மாட்டியபடியே 500 வோல்ட் விட்டால் புதுப் போர்டு அங்கேயே செத்துப்போகும்.

ஆர்சிடியின் டெஸ்ட் பட்டன் அதன் உள் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் எலெக்ட்ரீஷியனிடம் உள்ள ஆர்சிடி டெஸ்டரால் நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். பொது வகை ஆர்சிடி, 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள்ளும் அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழ வேண்டும்.

11. முதலில் தண்ணீர், பிறகு கரண்ட்

டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன மகிழ்ச்சியில் சும்மா ஒரு தடவை ஆன் செய்து பார்ப்போமே என்று தோன்றும். வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் சில நொடிகளில் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும், பம்பின் சீல் உராய்ந்து கெடும்.

ஃபில்டர் குழி வழியாகக் குழாயை விட்டு நிரப்புங்கள். அந்த வழியில் நிரப்பினால் பம்புக்குள் காற்று அடைபடுவது குறையும். கையேட்டில் சொன்ன மட்டம் வந்ததும் கேட் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து, அதற்குப் பிறகு ஆன். பம்ப் சத்தம் போட்டும் தண்ணீர் அசையவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது, உடனே ஆஃப் செய்துவிட்டு பம்பின் யூனியனைக் (குழாயைப் பம்போடு இணைக்கும் திருகு வளையம்) கொஞ்சம் தளர்த்திக் காற்றை விடுங்கள்.

ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் கிளாம்ப் மீட்டரில் கரண்டைப் பார்த்து இரண்டாவது படியில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மெயினை ஆஃப் செய்து, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய்த பிறகு, ஐசொலேட்டரின் டெர்மினல்களை எலெக்ட்ரீஷியன் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

12. ட்ரிப் ஆகிறதா, எப்போது ஆகிறது?

பட்டனை திரும்பத் திரும்ப மேலே தள்ளுவதை நிறுத்திவிட்டு, எப்போது விழுகிறது என்று எழுதி வையுங்கள். ரிப்பேர்காரருக்கு அதுதான் பாதி வேலை.

ஆன் செய்த உடனே விழுந்தால் எட்டாவது படிக்குப் போய் நியூட்ரலைப் பாருங்கள். சில நிமிஷம் ஓடி, ஹீட்டர் வந்ததும் விழுந்தால் ஹீட்டர் எலிமென்டின் உறையில் விரிசல் விழுந்து ஈரம் ஏறியிருக்கும். மெயினை ஆஃப் செய்து, ஹீட்டரின் இரண்டு வயரையும் போர்டிலிருந்து கழற்றி முனைகளைத் தனித்தனியாக மூடி, மறுபடி ஓட்டினால் ட்ரிப் நின்றுவிடும், குற்றவாளி தெரிந்துவிடும். நிற்கவில்லை என்றால் ஓசோன், பிறகு பம்ப், பிறகு ஏர் புளோயர், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். சில மணி நேரம் ஓடிய பிறகு ஆர்சிடி அல்லாமல் எம்சிபி மட்டும் விழுந்தால், லோடு அதிகமா, டெர்மினல் தளர்வா என்று பாருங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் விழுகிறது என்றால், காய்ந்த ஒரு நாளில் மெயினை ஆஃப் செய்து ஐசொலேட்டர் பெட்டியைத் திறங்கள். உள்சுவரில் தண்ணீர் வழிந்த கோடும், ஸ்க்ரூக்களில் பச்சைக் களிம்பும் இருக்கும். கோடு எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால், அநேகமாக, யாரோ மேலிருந்து நுழைத்த ஒரு கேபிளில் போய் நிற்கும்.